கிறிஸ்தவ ஈமோ ராக்: பதின்ம வயதில் முதன்முதலாகக் கேட்பவருக்கு எதைக் கையில் கொடுப்பது?

பழைய_கேசட்:

கிறிஸ்தவ ஈமோ, அதாவது மனக்காயத்தையும் விசுவாசத்தையும் சேர்த்துப் பாடுகிற கிட்டார் ராக், என்று தேடினால் இப்போது வருவதெல்லாம் யாரோ கலந்துகட்டி வைத்த பிளேலிஸ்ட்தான். ரிலையன்ட் கே-யின் துள்ளலான பாப் பங்க் ஒன்று, அதை ஒட்டி நார்மா ஜீனின் கத்தலும் கனமுமான மெட்டல்கோர், அதற்கடுத்து ஞாயிறு ஆராதனையில் பாடுகிற பாட்டு. பதினைந்து வயதில் இதை முதன்முதலாகக் கேட்கிற பிள்ளைக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. மூன்றாவது பாட்டிலேயே அணைத்துவிடும். இந்த இசையை ஆல்பம் ஆல்பமாகத்தான் கேட்க வேண்டும், முடிந்தவரை அது வந்த வரிசையில். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேர் சியாட்டிலில் இருக்கிறது. சன்னி டே ரியல் எஸ்டேட் குழு 1994-இல் 'டயரி' ஆல்பத்தை சப் பாப் நிறுவனத்தில் வெளியிட்டது. மெதுவாகப் பின்னிக்கொண்டு போகும் கிட்டார், எதிர்பாராமல் வெடிக்கும் கோரஸ், உடையப்போகிற மாதிரியே நின்று உடையாமல் தப்பிக்கும் ஜெரமி எனிக்கின் குரல். பின்னால் வந்தவர்களில் பாதிப்பேர் இந்த அச்சில் வார்த்தவர்கள். அது கிறிஸ்தவ ஆல்பம் என்று வெளியானதல்ல. ஆனால் அது வந்த கொஞ்ச நாளிலேயே எனிக் தன் கிறிஸ்தவ விசுவாசத்தை வெளிப்படையாகச் சொன்னார்; 1995-இல் குழு கலைந்து, சில ஆண்டுகள் கழித்து மறுபடி கூடியது. அந்தக் காலத்தில்தான், 1993-இல் கலிஃபோர்னியாவில் பிராண்டன் ஈபெல் தொடங்கிய டூத் அண்ட் நெயில் நிறுவனமும் சியாட்டிலுக்கு இடம் மாறியது. 1997-இல் கனமான இசைக்கென்று சாலிட் ஸ்டேட் என்ற கிளையையும் திறந்தார்கள்.

இன்னொரு முனை ஃப்ளோரிடா. பாம்பனோ பீச்சில் ஃபர்தர் சீம்ஸ் ஃபாரெவர், லேக்லேண்டில் கோப்லேண்ட், வின்டர் ஹேவனில் ஆன்பர்லின், டாம்பா வட்டாரத்தில் அண்டரோத். ஒரே மாநிலத்தில் இத்தனை குழுக்கள். தயாரிப்பாளர்களும் பொதுவானவர்கள். ஃபர்தர் சீம்ஸ் ஃபாரெவரின் 'தி மூன் இஸ் டவுன்' (2001), அண்டரோத்தின் 'தேர் ஒன்லி சேஸிங் சேஃப்டி' (2004) இரண்டையும் தயாரித்தவர் ஜேம்ஸ் பால் விஸ்னர்தான். கிட்டார் இரண்டு பக்கமும் அகலமாக நிற்க, குரல் நடுவில் தெளிவாக வரும் அந்த ஒலியமைப்பை இரண்டிலும் கேட்கலாம்.

அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இது எப்படிக் கிடைத்தது என்பதைத் தெரிந்துகொண்டால் இசையே கொஞ்சம் விளங்கும். வீட்டில் ராக் இசைக்குத் தடை இருந்தாலும் கிறிஸ்தவப் புத்தகக் கடையில் வாங்கிய சிடிக்கு அனுமதி கிடைத்துவிடும். அந்தக் கடைகளில் ஒப்பீட்டு அட்டவணை ஒன்று ஒட்டியிருப்பார்கள்: வெளியுலகத்தில் இன்ன குழு பிடிக்குமென்றால் அதற்குப் பதிலாக இந்தக் கிறிஸ்தவக் குழுவைக் கேள் என்று. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அது ஒலியை மட்டும் வைத்துப் பொருத்தியது. பிரபலமான குழுவின் நகல் என்ற நினைப்போடு கேட்டதால் நல்ல ஆல்பங்கள் பல கவனிக்கப்படாமல் போயின. அட்டவணையைவிடப் பயன்பட்டது சிடியோடு வரும் சிறு புத்தகம். கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் நன்றி சொல்லும் பத்தி இருக்கும். முதலில் தேவனுக்கு, பிறகு பெற்றோருக்கு, பிறகு கூடச் சுற்றுப்பயணம் போன குழுக்களுக்கு. அந்தக் குழுக்களின் பெயர்தான் அடுத்து வாங்கவேண்டிய சிடிகளின் பட்டியல். தயாரிப்பாளர், ஒலிப்பதிவுக்கூடம் பெயரையும் பார்த்து வைத்தால் தவறான சிடி கையில் சேர்வது பெருமளவு குறையும். இந்த வழி இன்றைக்கும் வேலை செய்கிறது; பழைய சிடிகளின் உட்பக்கப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன.

முதலில் 'தி மூன் இஸ் டவுன்'. பாடியவர் கிறிஸ் கராபா. அந்த ஒரு ஆல்பத்தோடு டாஷ்போர்டு கன்ஃபெஷனல் என்ற தன் இன்னொரு குழுவுக்குப் போய்விட்டார். அடுத்த இரண்டு ஆல்பத்துக்கு இரண்டு வேறு பாடகர்கள் வந்தார்கள், ஆகவே இந்தக் குழுவின் 'சிறந்த பாடல்கள்' தொகுப்பிலிருந்து தொடங்காதீர்கள், குரல் மாறி மாறிக் குழப்பும். இரண்டாவது கோப்லேண்டின் 'பினீத் மெடிசின் ட்ரீ' (2003). காதலியின் நோயும் பாட்டியின் மரணமும் பின்னணியாக இருக்கிற ஆல்பம், ஆஸ்பத்திரி வாசனை வரும். கத்தலே கிடையாது, அதனால் பயந்த காதுகளுக்கும் தரலாம். மூன்றாவது எமரியின் 'தி வீக்ஸ் எண்ட்' (2004). அதன் பிறகு அண்டரோத். அதற்கு முன்னால் அண்டரோத் வேண்டாம்.

இரட்டைக்_குரல்:

கடைசி வரியை இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம். எமரியைக் கேட்காமல் அண்டரோத்துக்குப் போகிறவர்களுக்கு ஸ்க்ரீம் என்கிற கரகரத்த கத்தல் வெறும் சத்தமாகவே நின்றுவிடும்.

எமரி தென் கரோலினாவின் ராக் ஹில்லிலிருந்து சியாட்டிலுக்கு வந்த குழு. டோபி மாரெல், டெவின் ஷெல்டன் இருவரும் மாறி மாறிப் பாடுவார்கள், சேர்ந்தும் பாடுவார்கள். அண்டரோத்தில் இந்த வேலை வேறுவிதமாகப் பிரிந்திருக்கிறது: ஸ்பென்சர் சேம்பர்லைன் முன்னால் நின்று ஸ்க்ரீம் செய்வார், டிரம்ஸ் வாசித்துக்கொண்டே ஏரன் கில்லெஸ்பி மெலடியைப் பாடுவார். ஒரே மனசுக்குள் இருக்கிற இரண்டு பேச்சு இது. ஒன்று நம்ப விரும்புகிறது, இன்னொன்று முடியவில்லை என்கிறது.

கேட்கும் முறை: முதல் தடவை ஹெட்போனில், வரிகளைப் பார்க்காமல், முழு ஆல்பமும். பாட்டு பாட்டாக நிறுத்தக் கூடாது. பல ஆல்பங்களில் ஒரு பாட்டின் கடைசி ஒலி அடுத்ததற்குள் ஓடும். இரண்டாம் தடவை வரிகளை எதிரில் வைத்துக்கொண்டு, எந்த வரி எந்தக் குரல் என்று பென்சிலால் குறியுங்கள். மூன்றாம் தடவை ஒரே ஒரு கேள்வி: இந்த வரி யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது? கடவுளையா, பிரிந்த காதலியையா, அப்பாவையா, தன்னையேயா? பாதி வரிகளில் முடிவு செய்ய முடியாது. முடிவு செய்ய முடியாதபடிதான் எழுதியிருக்கிறார்கள். திருக்கோவையாரைக் காதல் நூலாகவும் சிவனைப் பாடியதாகவும் சேர்த்தே படித்துப் பழகிய நமக்கு இது புதிய விஷயம் இல்லை. அமெரிக்கக் கிறிஸ்தவ வானொலிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அங்கே ஒரு பாட்டு மூன்று நிமிடத்தில் ஆறுதலோடு முடிந்தாக வேண்டும்.

சர்ச்சில் வளர்கிற பிள்ளைகளை இந்த இசை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டது என்பதற்கு எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான். புலம்புவதற்கு இடம் கொடுத்தது. வேதத்தில் அந்த இடம் முன்பே இருக்கிறது. 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதத்தில் கடைசிவரை ஒரு ஆறுதல் வார்த்தை கிடையாது. சிநேகிதரும் விலகிப்போன நிலையில் அப்படியே முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மேடையில் இவற்றைப் பாடுவது அபூர்வம். இந்தக் குழுக்கள் அந்த இரண்டு சங்கீதங்களையும் டிஸ்டார்ஷனில், அதாவது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கி, வாசித்தன. பிள்ளைகளுக்கு இதை அறிமுகப்படுத்துகிற இளைஞர் ஊழியர் யாராவது படித்தால், 88-ஐ வாசிக்கச் சொல்லிவிட்டு அண்டரோத்தின் 'டிஃபைன் த கிரேட் லைன்' போடுங்கள். 2006-இல் பில்போர்டு 200 பட்டியலில் 2-ஆம் இடத்தில் நுழைந்த ஆல்பம் அது. முந்தையதில் இருந்த இனிப்பான கோரஸ்களைப் பெரும்பாலும் கழித்துவிட்டுச் செய்தார்கள். போதைப் பழக்கத்தோடு அந்த ஆண்டுகளில் போராடியதை சேம்பர்லைனே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது அந்தக் கரகரப்பு நடிப்பில்லை என்பது தெரியும்.

டிராப்_சி:

கேட்பதைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டீர்கள். பதினைந்து வயதில் இதைக் கேட்கிற பிள்ளை அடுத்த வாரமே கிட்டாரை எடுக்கும், அதற்குச் சில விஷயங்கள்.

இந்த இசையின் அடிப்படை ஆக்டேவ் கார்டு, ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து வாசிப்பது. ஐந்தாம் கம்பியில் சுட்டு விரல், மூன்றாம் கம்பியில் இரண்டு ஃப்ரெட் (கழுத்துக் கட்டம்) தள்ளி மோதிர விரல். இடையில் இருக்கும் நான்காம் கம்பி ஒலிக்கவே கூடாது; சுட்டு விரலின் அடிப்பகுதியை லேசாகச் சாய்த்து அதை மூட வேண்டும். அதே விரலின் நுனி மிகத் தடித்த ஆறாம் கம்பியைத் தொட்டு அதையும் மூடும். மீதி இரண்டு மெல்லிய கம்பிகளை விரல்களின் தட்டையான பகுதி மூடும். எல்லாரும் தடுமாறுவது நான்காம் கம்பியில். டிஸ்டார்ஷன் இல்லாமல் வாசிக்கும்போது பிசகு தெரியாது, போட்டவுடன் நாராசமாக வரும். ஆகவே பழகும்போதே டிஸ்டார்ஷன் போட்டுப் பழகுங்கள். ஆறு கம்பியையும் தைரியமாக அடித்தும் இரண்டு சுரம் மட்டும் கேட்டால் கை சரியாக இருக்கிறது.

டிராப் டி டியூனிங்குக்கு ஆறாம் கம்பியை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்கினால் போதும். அதன் 12-ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக் (அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஒலி), திறந்த நான்காம் கம்பியோடு ஒத்து நிற்க வேண்டும். டிராப் சி-க்கு எல்லாக் கம்பியையும் ஒரு முழுச் சுரம் இறக்கி, ஆறாவதை இரண்டு சுரம் இறக்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் சிக்குவார்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 10-46 தடிமன் கம்பி செட்டோடு டிராப் சி-க்குப் போனால் கம்பி தொங்கும், அடித்த நொடியில் சுரம் மேலே ஏறிப் பிறகு இறங்கும், ஃப்ரெட்டில் சடசடக்கும். 11-54 போடுங்கள், லெஸ் பால் மாதிரி நீளம் குறைந்த கழுத்தென்றால் 12-56. தடித்த கம்பி மாட்டினால் கழுத்தின் தலைப்பக்கம் இருக்கும் நட்டின் வெட்டு போதாமல் கம்பி மேலேயே உட்காரும், அதைக் கொஞ்சம் அகலமாக்க வேண்டும். கழுத்தின் வளைவையும் சரிபார்க்க வேண்டும். பிறகு 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் சுரம் ஹார்மோனிக்கைவிட ஏறி இருந்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் சிறு துண்டான சாடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கி இருந்தால் முன்னால். இதைச் செய்யாமல் 'என் கிட்டார் மட்டமானது' என்று விற்றவர்கள் உண்டு.

அடுத்தது எதிரொலி தரும் டிலே பெடல். மெதுவான பகுதிகளில் சுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு போகுமே, அது புள்ளியிட்ட எட்டாம் சுர டிலே. கணக்கு எளிது: 60,000-ஐ பாட்டின் வேகத்தால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) வகுத்து 0.75-ஆல் பெருக்குங்கள். 120 வேகத்துக்கு 375 மில்லிசெகண்டு, 150-க்கு 300. திரும்ப ஒலிப்பது மூன்று தடவை கேட்கும்படி ஃபீட்பேக். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் டிலே வரவேண்டும். மாற்றி வைத்தால் எல்லா எதிரொலியும் சேர்ந்து நசுங்கிச் சேறாகிவிடும். டிரம்மர் மெட்ரோனோம் இல்லாமல் வாசித்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண், காலால் தட்டி வேகத்தைப் பிடிக்கும் டேப் டெம்போ பட்டன் இருக்கிற பெடலாக வாங்குங்கள்.

வீட்டில் ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு: ஒரே வாசிப்பை நகலெடுத்து இடதும் வலதும் வைத்தால் அகலம் வராது, சத்தம்தான் கூடும். இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து இரு ஓரத்திலும் வையுங்கள். அந்தச் சின்னச் சின்ன வித்தியாசம்தான் அகலம். டிஸ்டார்ஷனின் அளவான கெயினைக் காதுக்குப் போதும் என்று தோன்றுவதைவிடக் குறையுங்கள், இரண்டு கிட்டார் சேரும்போது தானாகக் கூடும்.

ஹால்_சவுண்ட்:

அரங்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்தக் குழுக்கள் வளர்ந்தது மதுக்கடை மேடைகளில் மட்டுமல்ல. பதினாறு வயதுப் பிள்ளைகள் அங்கே நுழைய முடியாது. சர்ச்சின் அடித்தளம், இளைஞர் கூடம், கூடைப்பந்து ஆடும் ஜிம். நுழைவுக்குக் கொஞ்சம் டாலர், வாசலில் ஒரு மேசையில் டீசர்ட்.

அந்த இடங்களில் முதலில் படுத்துவிடுவது கரண்ட். அமெரிக்காவில் சாதாரண சுவர் இணைப்பு 120 வோல்ட், 15 ஆம்பியர். அதிகபட்சம் 1,800 வாட். தொடர்ந்து எடுக்கப் பாதுகாப்பானது 1,440 வாட். இரண்டு கிட்டார் ஆம்ப், பேஸ் ஆம்ப், பாடகர் ஸ்பீக்கர் எல்லாம் ஒரே சுற்றில் இருக்க, பின்னால் சமையலறையில் யாராவது 1,500 வாட் காபி அண்டாவைப் போட்டால் பாட்டின் முதல் கனமான இடத்திலேயே எல்லாம் அணையும். பேனலைத் திறந்து எந்தச் சுவிட்ச் எந்தச் சுவருக்கு என்று நிகழ்ச்சிக்கு முன்பே பார்த்து, காபி அண்டாவுக்கு வேறு சுற்றைக் கொடுங்கள். அடுத்தது உறுமல். கூடத்தின் டிம்மர் விளக்கு இருக்கிற சுற்றில் கிட்டார் ஆம்பைச் செருகினால் உறுமும். உறுமலை நிறுத்துகிறேன் என்று பிளக்கின் எர்த் முனையை யாரும் எடுத்துவிடக் கூடாது. பாடிக்கொண்டே வாசிப்பவரின் கை கம்பியில், உதடு மைக்கில். இரண்டும் வேறு வேறு எர்த்தில் இருந்தால் ஷாக் நேரே வாயில். ஆம்பையும் மிக்சரையும் ஒரே இடத்திலிருந்து எடுத்துவிட்டாலே பெரும்பாலும் இந்த ஆபத்து வராது.

சர்ச் ஸ்பீக்கர்கள் பிரசங்கத்துக்காக மாட்டப்பட்டவை. கிக் டிரம்மையும் பேஸையும் அதில் விடாதீர்கள், குரல் மட்டும் போகட்டும். 100 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டுங்கள். ஜிம் மாதிரி வெறும் தரையும் செங்கல் சுவரும் இருக்கிற இடத்தில் கிட்டார் ஆம்பின் பேஸ் குமிழை நன்றாகக் குறைத்தால்தான் வார்த்தை கேட்கும். ஸ்க்ரீம் செய்பவர்கள் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பார்கள். பின்பக்கத் துளைகள் அடைபட்டால் மைக் எல்லாத் திசையிலிருந்தும் எடுக்க ஆரம்பிக்கும், உடனே பாடகர் எதிரில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் ஊளையிடும். பிடியைக் கீழே இறக்கச் சொல்வதுதான் வழி, ஈக்வலைசரில் தேடிப் பயனில்லை.

டிரம்மர் பாடுகிற குழுவென்றால் அந்த மைக்கில் சிம்பல்தான் அதிகம் விழும். மைக்கின் முதுகு சிம்பல் பக்கம் இருக்கும்படி, வாயோடு ஒட்டினாற்போல வையுங்கள். பாடாத நேரத்தில் யாராவது அதை மூடி வைக்க வேண்டும்.

இதையெல்லாம் மீறிய இடம் கார்னர்ஸ்டோன் திருவிழா. 1984-இல் சிகாகோவின் ஜீசஸ் பீப்பிள் யுஎஸ்ஏ அமைப்பு தொடங்கியது, பின்னாளில் இல்லினாய்ஸின் புஷ்னல் பக்கத்துப் பண்ணை நிலத்துக்கு மாறியது, 2012-இல் கடைசி. அழைப்பில்லாத குழுக்கள் தாங்களே ஜெனரேட்டரைக் கொண்டுவந்து, கூடாரம் அடித்து, புல்வெளியில் மேடை போட்டுக்கொள்வார்கள். ஜெனரேட்டர் மேடை என்றே பெயர். பேஸ் ஆம்ப் இழுக்கும்போதெல்லாம் வோல்டேஜ் விழுந்து டிலே பெடல் தானாக அணைந்து எழும். தேவையைப் போல ஒன்றரை மடங்கு வாட் உள்ள ஜெனரேட்டர், பெடல்களுக்கு பேட்டரி. இரண்டும் இருந்தால் ஜூலை வெயிலில்கூடச் சமாளிக்கலாம்.

மண்கும்பான்_காற்று:

எல்லாரும் ஃப்ளோரிடாவில் நிற்கிறீர்கள். நான் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். இந்த இசையில் தமிழோடு நேரடியான உறவு உள்ள இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான், கனபேருக்கு இது தெரியாது.

மீவித்அவுட்யூ 2001-இல் அங்கே தொடங்கிய குழு. ஏரன் வைஸ் குரல், அவருடைய சகோதரர் மைக்கேல் வைஸ் கிட்டார். முதல் ஆல்பத்தில் ஏரன் பாடவே மாட்டார். பேசுவதும் கூவுவதுமாகப் போகும், பித்துப்பிடித்த பிரசங்கி தெருமுனையில் நிற்கிறதைப் போல. டூத் அண்ட் நெயில்தான் வெளியிட்டது. இரண்டாவது ஆல்பத்தின் பெயரே வேதத்திலிருந்து: உன்னதப்பாட்டு 2:15, திராட்சத்தோட்டங்களைக் கெடுக்கிற குழிநரிகளையும் சிறுநரிகளையும் நமக்குப் பிடியுங்கள் என்கிற வசனம். 2004-இல் வந்த அந்த ஆல்பத்தையும் 2006-இல் வந்த 'பிரதர், சிஸ்டர்' ஆல்பத்தையும் தயாரித்தவர் பிராட் வுட். மேலே பழைய_கேசட் சொன்ன 'டயரி'யைத் தயாரித்தவரும் அவரே. போதாததற்கு 'பிரதர், சிஸ்டர்' ஆல்பத்தில் ஜெரமி எனிக்கும் குரல் கொடுத்திருக்கிறார்.

இனித் தமிழ். வைஸ் சகோதரர்களின் பெற்றோர் ஒருவர் கிறிஸ்தவப் பின்னணி, மற்றவர் யூதப் பின்னணி. இருவரும் சூஃபி என்ற இஸ்லாமிய ஞான வழிக்கு வந்தவர்கள். வழி காட்டியவர் குரு பாவா முகையத்தீன். இலங்கையிலிருந்து 1971-இல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனவர். யாழ்ப்பாணத்தில் அவருக்கு ஆசிரமம் இருந்தது. வேலணைத் தீவில் மண்கும்பானில் இயேசுவின் தாய் மரியத்தின் பேரில் இறை இல்லம் ஒன்றைக் கட்டினார். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது, பேசியதும் பாடியதும் தமிழில். அமெரிக்கப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்க, அவர் தமிழில் கதைப்பார், பக்கத்தில் ஒருவர் உடனுக்குடன் மொழிபெயர்ப்பார். ஓவர்புரூக் பகுதியில் அவருடைய ஃபெலோஷிப்பும், 1984-இல் கட்டிய பள்ளிவாசலும் இன்றும் இருக்கின்றன. 1986-இல் காலமானார், கோட்ஸ்வில் அருகே அடக்கத்தலம்.

2009-இல் மீவித்அவுட்யூ வெளியிட்ட நான்காவது ஆல்பத்தின் நீளமான தலைப்பு, எல்லாம் பொய், எல்லாம் கனவு என்ற கருத்தில் வருவது, பாவாவின் வார்த்தைதான். அதிலே இரண்டு பாட்டுகள் அவர் பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளை அப்படியே பாட்டாக்கியவை. ஒன்றில் தள்ளுவண்டிக்காரனின் பலகாரத்துக்கு ஆசைப்படுகிற நரியும், அதைக் கவ்விக்கொண்டு மரத்தில் ஏறும் காகமும் வரும். காகத்தைப் பாடச் சொல்லி நரி புகழும். பாட்டி வடை சுட்ட கதையில் வளர்ந்த எவருக்கும் முதல் வரியிலேயே பிடிபடும். மற்றதில் தென்னந்தோட்டத்து வண்டுகள். தூரத்தில் தெரிகிற பெரிய வெளிச்சம் என்னவென்று அறிந்துவர ராஜா வண்டு ஒவ்வொருவரையாக அனுப்பும். போனவர்கள் சுடுபட்டுத் திரும்பி வந்து, அதைச் சொல்ல முடியவில்லை என்பார்கள். கடைசியில் ராஜாவே நெருப்புக்குள் பறந்து போகும். ஃபனா என்று சூஃபிகள் சொல்லுகிற, இறைவனில் தன்னை இழக்கும் நிலையைப் பிள்ளைக்கதையாக வைத்திருக்கிறார் பாவா. அதை பாஸ்டர் வீட்டுப் பிள்ளைகள், கிறிஸ்தவ நிறுவனம் வெளியிட்ட சிடியில், இல்லினாய்ஸ் சோளக்காட்டு நடுவில் சத்தம் போட்டுச் சேர்ந்து பாடினார்கள். அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அல்லாஹ்வின் பெயரை மூன்று தடவை தலைப்பாகக் கொண்டது.

கேட்கிற வரிசை: முதலில் 2004 ஆல்பம், பிறகு 'பிரதர், சிஸ்டர்', அதன் பிறகுதான் 2009. நேரே 2009-க்குப் போனால் அக்கார்டியனும் குழந்தைப்பாட்டுச் சாயலும் பார்த்து இது ஈமோவே இல்லை என்று விட்டுவிடுவீர்கள். 'பிரதர், சிஸ்டர்' ஆல்பத்தில் சிலந்தியைப் பற்றி மூன்று சின்னப் பாட்டுகள் இடையிடையே வரும். அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள், ஆல்பத்தின் முதுகெலும்பே அவைதான். பாவாவின் தமிழ்ப் பேச்சுகளின் ஒலிப்பதிவுகளை ஃபெலோஷிப் பாதுகாத்து வருகிறது. பாட்டுகளைக் கேட்டபின் அந்தக் குரலையும் கேட்டுப் பாருங்கள். மொழிபெயர்ப்பு இல்லாமல் நேரே விளங்குகிற வாய்ப்பு இந்தக் குழுவின் அமெரிக்க ரசிகர்களுக்கு இல்லை, எங்களுக்கு இருக்கிறது.

இரட்டைக்_குரல்:

இதற்குமேல் என்ன சொல்ல, நன்றி. ஸ்க்ரீம் பழகுகிறவர்களுக்குச் சுருக்கமாக: தொண்டையை இறுக்கிக் கத்துவதல்ல அது. வயிற்றிலிருந்து மூச்சை நிதானமாக விட்டு, பெருமூச்சின் கடைசியில் வரும் கரகரப்பைச் சின்னச் சத்தத்தில் பிடித்து, அதை மெதுவாக வளர்க்க வேண்டும். சத்தத்தை மைக் பார்த்துக்கொள்ளும். ஒரு நேரத்துக்குப் பத்து நிமிடம் போதும். அரிப்போ வலியோ வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். குரல் உடைகிற வயதில் இருக்கிற பையன்கள் அது அடங்கும்வரை காத்திருப்பது நல்லது. கரகரத்தபின் கிசுகிசுத்துப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைக்கிறார்கள். அதுவும் சிரமம்தான், பேசாமல் இருங்கள். இரண்டு மூன்று வாரமாகியும் குரல் தெளியவில்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

காதுக்கும் கணக்கு உண்டு. 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சின்ன ஹாலில் டிரம்ஸ் தனியாகவே அதைத் தாண்டிவிடும்.

பழைய_கேசட்:

மண்கும்பான்_காற்று, உங்கள் பதிவை அச்செடுத்து வைக்கலாம்.

கடைசியாக ஒன்று, ஏனென்றால் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் இந்த இடத்தில் இடறுகிறார்கள். பிடித்த குழுவைத் தேடிக்கொண்டு போனால், அவர்கள் இப்போது விசுவாசிகள் இல்லை என்று தெரியவரும். பெட்ரோ தி லயன் குழுவின் டேவிட் பசான் 2009-இல் 'கர்ஸ் யுவர் பிராஞ்சஸ்' என்ற ஆல்பத்தையே அந்தப் பிரிவைப் பற்றிச் செய்தார். அண்டரோத் 2013-இல் கலைந்து, 2015-இல் கூடி, 2018-இல் 'இரேஸ் மீ' வெளியிட்டபோது தாங்கள் இனி கிறிஸ்தவக் குழு இல்லை என்று சொன்னார்கள். பதினைந்து வயதில் இது பெரிய அடி. பெற்றோரோ போதகரோ 'அப்பவே சொன்னேனே' என்று ஆரம்பித்தால் அடி இரட்டிப்பாகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2004-இல் பதிவானது 2004-இல் அவர்கள் நம்பியது. பொய்யாகப் பாடவில்லை. பசானின் 1998 ஆல்பம் 'இட்ஸ் ஹார்ட் டு ஃபைண்ட் எ ஃப்ரெண்ட்' கேட்டால், பின்னால் வரப்போகும் கேள்விகள் அதிலேயே வரிவரியாக இருப்பதைப் பார்க்கலாம். அந்த 1998 ஆல்பத்தையும் 2009 ஆல்பத்தையும் ஒரே நாளில் கேட்கச் சொல்லுங்கள். பதிலுக்கு எனிக்கையும் சொல்லுங்கள்; அவர் எதிர்த்திசையில் நடந்தவர்.

டிராப்_சி:

ஏஸ் சிட்டீஸ் பர்ன் பெயர் எங்குமே வரவில்லையே. லூசியானாக்காரர்கள். 2005 முதல் ஆல்பத்தில் ஸ்க்ரீம்தான் அதிகம். பிறகு அந்தப் பாடகர் விலக, கிட்டார் வாசித்த அவருடைய சகோதரர் கோடி பானெட்டே முன்னணிப் பாடகரானார். 2007-இல் வந்த 'கம் நவ் ஸ்லீப்' ஆல்பத்தில் ஸ்க்ரீம் ஏறக்குறைய இல்லை, கிட்டாரிலும் கெயின் பாதியாகிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு வாசித்துப் பழகுங்கள். முதலாவது கைக்கு வேகம் தரும். இரண்டாவதில் ஒளிந்துகொள்ள டிஸ்டார்ஷன் கிடையாது, ஒவ்வொரு விரலும் தெரியும்.